பி-மூன்றில் கோரை

மஞ்சளாகிப்போன கத்தரி இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி லுங்கி மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டிருந்தான் எழிலரசன். இருபது இலை சேர்ந்த பிறகுதான், செடி முழுக்க மஞ்சளாக இருக்கும்போது இலையைக் கிள்ளி ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது அவனுக்கு உறைத்தது. எதுவுமே அவனுக்கு இருபது தாண்டித்தான் உறைக்கும். பாத்தியில் பதினெட்டுச் செடிகள். பதினெட்டும் போயிருந்தன. குருத்துகள் வெளுத்து, வெந்நீர் ஊற்றியதுபோலத் துவண்டு, பிஞ்சுகள் காம்போடு தொங்கின.

நிமிர்ந்து சன்னலைப் பார்த்தான். பின்னறைச் சன்னல் நேரே இந்தத் தோட்டத்தைப் பார்த்துத்தான் திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் அவன் அப்பா, நைனா. கொலை செய்தவன் சடலத்துக்குப் பக்கத்தில் நிற்பதுபோல நின்றான். ஒரு வித்தியாசம், கொலைகாரன் யாரும் லுங்கியில் கத்தரி இலை கட்டிக்கொண்டு நின்றிருக்க மாட்டான்.

போன சனிக்கிழமை புதுச்சேரி ஆஸ்பத்திரியில், மூக்கில் இருந்த ஆக்ஸிஜன் குழாயை ஒதுக்கிவிட்டு நைனா சொன்னது ஒரே ஒரு வேலை. "பி மூணுல கோரை எழும்பிக்கிச்சு. கிழங்கோட புடுங்கிப் போடு. படத்தப் பாத்துட்டுப் போ."

கோரையைக் கிழங்கோடு பிடுங்குவதென்றால் குனிய வேண்டும். எழிலரசனுக்கும் குனிவதற்கும் நடுவில் பத்து வருஷமாக ஒரு தொப்பை வளர்ந்திருந்தது. அதனால் அவலூர்பேட்டைக்கு வண்டியில் போய்க் களைக்கொல்லி வாங்கி வந்தான். செஞ்சியில் வாங்கினால் கடைக்காரனே நைனாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவான். களைக்கொல்லி என்கிற வார்த்தையை நைனா எச்சில் துப்பாமல் சொன்னதில்லை. அடித்துவிட்டு, கோரை செத்ததும் கையால் பிடுங்கியதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது திட்டம். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை, அவன் அடித்தது பி-மூன்றில் இல்லை என்பதைத் தவிர.

தோட்டத்தில் பெயர்ப்பலகை கிடையாது. எந்தப் பாத்தி எது என்பது சுவரில் இருக்கும் படத்தில்தான் இருந்தது. நைனா ரங்கநாதன் ஞாயிறு தவறாமல் மொட்டை மாடிக்கு ஏறி, நீள மூங்கிலின் முனையில் போனைக் கட்டித் தோட்டத்துக்கு மேலாக நீட்டிப் படம் எடுப்பார். பதினைந்து இருபது படங்கள், ஒன்றின் ஓரம் அடுத்ததன்மேல் ஏறும்படி. பஜாரில் அச்சுப் போட்டு வந்து ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய ஒரே படமாக்கிப் பென்சிலில் கட்டம் போடுவார். குறுக்கே ஏ, பி, சி. நெடுக்கே ஒன்று, இரண்டு, மூன்று. ஒட்டுவதற்கு முன்னால் அடுத்தடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணுக்கொரு வில்லையுள்ள இரட்டைக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்ப்பார். அதில் பார்த்தால் செடிகள் காகிதத்திலிருந்து எழுந்து நிற்கும். எந்தச் செடி முந்தின வாரத்தைவிடக் குள்ளம், எதன் அடியில் ஈரம் இல்லை என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

அந்தக் கண்ணாடி எழுபத்தொன்றாம் வருஷத்து யுத்தத்திலிருந்து அவரோடு வந்தது. விமானப்படையில் படம் எடுக்கிறவராக இருந்தார். கிழக்கே, ஆறுகளுக்கு மேலே, விமானத்தின் அடிவயிற்று ஓட்டை வழியாகக் கேமராவை நீட்டிக்கொண்டு குப்புறப் படுத்திருப்பாராம். குளிரில் விரலில் உணர்வு இருக்காதாம். இறங்கியதும் கூடாரத்தில் பிலிம் கழுவி, படங்களை ஒட்டி, எங்கே என்ன இருக்கிறது என்று குண்டு போடுகிறவர்களுக்குக் குறித்துக் கொடுக்க வேண்டும். மறுநாள் அதே இடத்தை மறுபடி படம் எடுக்க வேண்டும். முதல் நாள் இருந்தது மறுநாள் இருக்கிறதா என்று பார்க்க. இவ்வளவுதான் வீட்டுக்குத் தெரியும். அதற்குமேல் கேட்டால் மண்வெட்டியைக் கையில் கொடுப்பார். கேள்வி கேட்டே எழிலரசன் சின்ன வயசில் நிறைய வாய்க்கால் வெட்டியிருக்கிறான்.

ஆனால் ஒன்றை மட்டும் அவர் கேட்காமலே சொல்லிக்கொண்டிருப்பார். "படத்தைக் கையில எடுத்தா நெழலு உன்னைப் பாத்து உழணும்டா. திருப்பிப் புடிச்சியானா மேடு பள்ளமா தெரியும், பள்ளம் மேடா தெரியும். கண்ணு ஏமாத்திப்புடும்."

தை மாசத்து நிழல் வடக்கே விழுகிறது. நிழல் நம்மைப் பார்த்து விழவேண்டுமென்றால் படத்தின் கீழ்ப்பக்கம்தான் வடக்கு. எழிலரசன் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் வாத்தியார். வரைபடத்தின் மேல்பக்கம் வடக்கு என்று இருபது வருஷமாகப் பிள்ளைகளின் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தவன். அதே ஞானத்தோடு சுவர்ப் படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு பின்வாசலில் வடக்கே பார்த்து நின்று, எதிர்முனையிலிருந்து எண்ணி, மூன்றாவது பாத்தியில் மருந்தடித்தான். கோரை இந்த முனையில் சௌக்கியமாக இருந்தது. போனது கத்தரி. பளிச்சென்று வெள்ளை வரி ஓடுகிற கத்தரி. எட்டு வருஷமாக ஒவ்வொரு தடவையும் நல்ல காயாகப் பார்த்து விதைக்கு விட்டு நைனா தேற்றி எடுத்தது.

"இன்னாங்க, அங்க இன்னா பண்றீங்க? மாமா கண்ணத் தொறந்துட்டாரு" என்று சுமலதா பின்வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"சன்னல் பக்கம் பாக்குறாரா?"

"எந்தப் பக்கம் பாத்தா இன்னா? வாங்க."

"சொல்லேன். எந்தப் பக்கம்?"

"இந்த நேரத்துல கூடவா உங்களுக்கு வெளாட்டு?" என்று போய்விட்டாள். அவன் மனைவியைக் குற்றம் சொல்ல முடியாது. இருபது வருஷமாக எதைக் கேட்டாலும் கிண்டலாகவே கேட்டவனுக்கு ஊரில் யார் நேராகப் பதில் சொல்வார்கள்?

புதன்கிழமை ஆஸ்பத்திரியில், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி சொந்தக்காரங்களப் பாக்கச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டிருந்தார்கள். நெஞ்சில் தண்ணீர் கோத்திருந்தது. மூச்சு உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது வேறு சத்தம். நடுவில் சில சமயம் ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் எழிலரசன் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு கட்டில் விளிம்பைப் பற்றிக்கொள்வான். சத்தம் திரும்ப வந்ததும் வியர்த்துவிடும். பயம் இரண்டு வகையாக வந்தது. நைனா போய்விடுவாரோ என்று ஒன்று. போவதற்குள் தலையைத் திருப்பி வெளியே பார்த்துவிடுவாரோ என்று இன்னொன்று. எது பெரிய பயம் என்று கேட்டால் அவனால் சொல்லியிருக்க முடியாது. அதுவே அவனுக்கு மூன்றாவது பயமாக இருந்தது.

கட்டிலுக்கும் சன்னலுக்கும் நடுவே போய் நின்றுகொண்டான். அவன் உடம்புக்கு ஒரு பிரயோஜனம் கிடைத்தது.

"காத்து வர்ற வழில ஏன்டா மலை மாதிரி நிக்கற?" என்றாள் அம்மா. விருத்தாம்பாள் கட்டிலின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு மூன்று நாளாக அங்கேயே இருந்தாள்.

"வெயில் அடிக்குதும்மா."

"வடக்கால சன்னல்ல எங்கேருந்துடா வெயிலு?"

சமூக அறிவியல் வாத்தியார் நகர்ந்துகொண்டான்.

பதினோரு மணிக்குச் சித்தப்பா விநாயகம் வந்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார், பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், சட்டைக்குள்ளிருந்து துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். நாலைந்து சாவை முன்னின்று முடித்த ஆள்.

"காலு சில்லுனு ஆயிடிச்சி. ஆனா உசுரு போவாம இழுக்குது. மண்ணாச இருக்குது எழிலு. தோட்டத்து மண்ணு ஒரு சிட்டிக எடுத்துக்கினு வா. தண்ணில கரைச்சு வாயில ஊத்து. மூத்த புள்ள நீதான் ஊத்தணும்."

எழிலரசன் லுங்கி மடிப்பை இறுக்கிக்கொண்டான். தோட்டத்து மண். "அதெல்லாம் வேணாம் சித்தப்பா. மண்ணுல கிருமி இருக்கும். டெட்டனஸ் வந்துடும்."

"சாவப்போற மனுசனுக்கு டெட்டனஸ் வந்தா இன்னா, வராட்டி இன்னாடா? போடா."

யாராவது தடுப்பார்கள் என்று பார்த்தான். சுமலதா டம்ளரில் தண்ணீரோடு வந்து நின்றாள். அம்மா நைனாவின் தலையணையை உயர்த்தி வைத்தாள்.

தோட்டத்துக்கு ஓடினான். கத்தரிப் பாத்தி கூடவே கூடாது. பக்கத்துப் பாத்தி? அன்றைக்குக் காற்று அடித்ததா, அடிக்கவில்லையா? எதிர்முனை? மருந்து அடித்து முடித்துத் தெளிப்பானைக் கழுவினானே, அந்தத் தண்ணீரை எங்கே கொட்டினான்? கொய்யா அடியிலா, வெண்டைக்கா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. டப்பாவில் பொடி எழுத்தில் போட்டிருந்த எச்சரிக்கை மட்டும் வரி வரியாக நினைவுக்கு வந்தது. உட்கொண்டால். கண்ணில் பட்டால். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில். குனிந்து ஒரு பாத்தியில் கை வைத்தான், எடுத்தான். இன்னொன்றில் வைத்தான், எடுத்தான். பெற்ற தகப்பனின் வாயில் தன் கையாலேயே விஷம் ஊற்றப் போகிறோம் என்று நினைத்தபோது காது அடைத்துக்கொண்டது. எங்கோ தூரத்தில் பஸ்காரன் ஹாரன் அடித்தது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோலக் கேட்டது.

கடைசியில் வேலியைத் தாண்டினான். லுங்கி முள்ளில் மாட்டிக் கிழிந்தது. வேலிக்கு அப்பால் யாரோ பிளாட் போட்டுக் கல் நட்டு அப்படியே விட்டிருந்த காலி மனை. வெள்ளாடுகள் மேய்கிற இடம். ஆட்டுப் புழுக்கையை ஒதுக்கிவிட்டு ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளிக்கொண்டு திரும்பினான்.

கரைத்த தண்ணீரை ஸ்பூனில் எடுத்து நைனாவின் உதட்டில் வைத்தபோது பாதி மோவாயில் வழிந்தது. மீதி உள்ளே போனது. தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நைனாவின் நாக்கு வாய்க்குள் மெதுவாகப் புரண்டது. அந்தப் புரளல் எழிலரசனுக்குத் தெரியும். புது மண் எது வந்தாலும் அவர் அப்படித்தான் ஒரு துளி நாக்கில் வைத்துப் புரட்டிப் பார்ப்பார். கண் திறந்தது. நேராக மகனைப் பார்த்தார்.

"உப்பு" என்றார்.

"கஞ்சிக்கு உப்பு கேக்குறாரு. ஓடு, கல்லுப்பு கொண்டா" என்றார் சித்தப்பா. சுமலதா சமையலறைக்கு ஓடினாள்.

எழிலரசன் ஸ்பூனைப் பிடித்தபடியே நின்றான். உப்புக் கேட்கவில்லை அவர். மண்ணைச் சொன்னார். இது என் மண் இல்லை என்றார். பிறகு அவன்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சுமலதா உப்போடு வருவதற்குள் மூச்சின் ஒரு சத்தம் வந்தது. இன்னொரு சத்தம் வரவில்லை. எழிலரசன் வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். சித்தப்பா கையை நீட்டி அண்ணனின் இமைகளை மூடியபோதும் அவன் மூச்சு விடவில்லை. அம்மாதான் முதுகில் தட்டினாள். அப்போதுதான் இருமிக்கொண்டு மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு பந்தல், ஐஸ் பெட்டி, போன், மேளம் என்று எல்லாம் தன்னால் நடந்தன. எழிலரசன் யாரிடம் போனாலும் ஒரு கேள்வியோடுதான் போனான். ஆனால் அந்தக் கேள்வி வாயிலிருந்து வரும்போது வேறாக மாறி வந்தது.

ஐந்து மணிக்குப் பார்க்க வந்த டாக்டரிடம், "ஏதாச்சும் மனக்கஷ்டம் இருந்தா சட்டுனு போயிடுவாங்களா சார்?" என்றான்.

"நல்ல சாவு சார். புண்ணியவான்" என்று தோளைத் தட்டிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

"இந்த மண்ணு கரைச்சு ஊத்துறது, அசல் மண்ணா இல்லாட்டி இன்னா ஆவும் சித்தப்பா? சும்மாதான் கேக்குறேன்."

"எல்லாம் மேல இருக்கறவன் பாத்துக்குவான்" என்றார் சித்தப்பா.

மேலே இருக்கிறவன் பார்ப்பதுதான் பயமாக இருந்தது. நைனாவும் மேலேயிருந்து பார்த்தே பழக்கப்பட்டவர்.

சனிக்கிழமை பகல் எடுத்தார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்தவர்கள் தோட்டத்து வழியாகத்தான் வந்தார்கள். கூட வந்த வீரமணி, பக்கத்து நிலத்துக்காரன், பாத்தியைப் பார்த்து நின்றுவிட்டான். "இன்னா வாத்தியாரே, கத்தரி இப்பிடி ஆயிடிச்சி?"

வீரமணியே பதிலும் சொல்லிக்கொண்டான். "வெச்ச மனுசன் போனா செடிக்குத் தெரியும்யா." பக்கத்தில் இருந்த நாலு பேர் உச்சுக் கொட்டினார்கள். அரைமணி நேரத்தில் தெரு முழுக்க அந்தக் கதை பரவிவிட்டது. ரங்கநாதனுக்காகச் செடி உயிரை விட்டதாம். பெண்கள் கூட்டமாகப் போய்க் கத்தரியைப் பார்த்துவிட்டு வந்து இன்னும் பலமாக அழுதார்கள். இப்படி ஒரு தப்புக்கு இப்படி ஒரு புகழா என்று வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பான். அன்றைக்குப் பயம் இரட்டித்தது. பொய் தானாகவே நடந்து போய் நைனாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டதுபோல இருந்தது.

சுடுகாட்டில் வாய்க்கரிசி போடக் குனிந்தான். நைனாவின் கீழ்ப்பல் ஓரத்தில் ஒரு மணல் துணுக்கு ஒட்டியிருந்தது. குளிப்பாட்டியும் போகாமல் இருந்தது. கையில் இருந்த அரிசி அப்படியே நின்றது. "போடுடா" என்று சித்தப்பா மூன்று முறை சொன்ன பிறகுதான் போட்டான். தோளில் குடத்தோடு சுற்றி வரும்போது ஒவ்வொரு சுற்றிலும் அந்த வாய்ப்பக்கம் வந்தது. ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டான். மூன்றாவது சுற்றில் கல்லில் இடறியதில், குடம் உடைக்க வேண்டிய இடத்துக்கு இரண்டடி முன்னாலேயே உடைந்தது. பரவாயில்லை என்றார்கள். எல்லாவற்றுக்கும் அதையேதான் சொன்னார்கள்.

ஞாயிறு காலை பால் ஊற்றிவிட்டு வந்தபோது வீடு ஓய்ந்திருந்தது. மொட்டைத் தலையில் காற்றுப் பட்டு ஊசி குத்துவதுபோல இருந்தது. சித்தப்பா சாமியானாக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். அம்மா பின்னறையில் காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். எழிலரசன் போய் எதிரே உட்கார்ந்தான். ஏதாவது வேடிக்கையாகத் தொடங்கலாம் என்று தேடிப் பார்த்தான். ஒன்றும் கிடைக்கவில்லை.

"மா. நான் ஒண்ணு பண்ணிட்டேன்."

அம்மா பார்த்தாள்.

சொன்னான். அவலூர்பேட்டை, டப்பா, படம், எதிர்முனை, வேலி, ஆட்டுப் புழுக்கை எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது குரல் ஏழாம் வகுப்புப் பையனுடையதுபோல உடைந்து உடைந்து வந்தது. கடைசியில், "நைனாவுக்கு இது தெரியுமா? கிண்டலுக்குக் கேக்கலம்மா. நேரா சொல்லு" என்றான்.

அதெல்லாம் ஒன்றுமில்லைடா என்று சொல்வாள் என்றுதான் காத்திருந்தான்.

"தெரியும்" என்றாள் விருத்தாம்பாள்.

வெளியே யாரோ நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குகிற சத்தம் கேட்டது.

"வியாழக்கெழமையே தெரியும். தலகாணி வெச்சு ஒக்கார வெச்சேன். பாத்த ஒடனே, மருந்து அடிச்சிருக்கான்னாரு. எவன்னு கேட்டாரு. நீன்னு சொன்னேன்."

"நீயா சொன்ன?"

"கடைக்காரன் குடுத்த சீட்டு உன் சட்டைல இருந்துச்சி. தொவைக்கறவ நான்தான?"

"இன்னா சொன்னாரு?"

"முட்டாப் பயன்னாரு. எட்டு வருசம் போச்சேன்னு அழுதாரு. மூச்சு வாங்கிச்சி, நெஞ்சத் தடவி விட்டேன். அப்பறம் படத்தக் கேட்டு வாங்கி வெச்சிப் பாத்தாரு. தலகீழா புடிச்சிருக்கான்னாரு." அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். "சண்டைல நானும் ஒரு தபா படத்தத் தப்பா படிச்சிக் குடுத்தேன்டி, அங்க இருந்தது கத்தரி இல்லன்னாரு. அம்பது வருசத்துல அன்னிக்குத்தான் சொன்னாரு. மேல கேக்கல நானு."

"அதனாலதான் போயிட்டாரா?"

"இல்ல. நெஞ்சுல தண்ணி கோத்துப் போனாரு. டாக்டரு உன்கிட்டதான சொன்னாரு?"

"மண்ணு?"

"நீ வேலி தாண்டுனத நான் பாத்தேன். அவரும் பாத்தாரு."

"ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

"நீ இப்பத்தான கேக்கற?"

பின்பக்கம் குழாயில் காற்று சீறிக்கொண்டு வந்து, பிறகு தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. யாரோ திறந்துவிட்டு மறந்த குழாய். வாளி நிரம்பித் தரையில் வழிய ஆரம்பித்தது. துக்கத்தில் இருக்கிறவள் எழுந்திருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருந்ததை நினைக்காமல் அம்மா கையை ஊன்றி எழுந்து வெளியே போனாள். அவனும் பின்னாலேயே போனான். நிரம்பிய வாளியை நகர்த்திவிட்டுக் காலிக் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள். இரண்டு பேரும் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மா."

"இன்னா?"

"ரொம்ப திட்டினாரா?"

"ரொம்ப" என்று குடத்தை நிமிர்த்தி வைத்தாள் அம்மா.